நூத்திப் பதினேழுங்

அன்புள்ள எல்லோருக்கும்,

வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. இன்னும் காலை ஐந்து மணிக்கு யாரோ மணி அடித்த மாதிரி எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அப்புறம் பக்கத்துத் தெருவில் தறிச்சத்தம் காதில் விழும். சரி, சென்னிமலையில்தான் இருக்கிறோம் என்று திரும்பப் படுத்துக்கொள்வேன். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுதப் போவதில்லை, அங்கேயே வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது.

முதலில் நன்றி சொல்ல வேண்டியவரின் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுத மாட்டேன். அவர் இப்போது அங்கே வேலையில் இல்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் இவ்வளவும் எழுதுகிறேன். எங்களுக்குச் சோறு போட்ட அக்கா அவர்.

மூடிக் கிடந்த நூல் மில் ஒன்றைத்தான், எங்களைப் பிடித்து வைத்து மனசை மாற்றுகிற பயிற்சி நிலையம் ஆக்கியிருந்தார்கள். மிஷின் ஓடிய ஹாலில் எங்கள் பாய்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவது குற்றம். நான் 117. “டேய் 117” என்று கூப்பிட்ட பயிற்சியாளர்களுக்கு என் பழைய மாணவர்களின் வயசுதான் இருக்கும். சாப்பாட்டு வரிசையில் பரிமாறுகிறவர்களும் நம்பரைத் தவிர ஒரு வார்த்தை பேசக் கூடாது. தலைக்கு மேலே கேமரா, காதும் கேட்கிற கேமரா.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, தட்டத்தை நீட்டினேன். அந்த அக்கா ரச வாளிக்குள் கரண்டியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, அடியில் கிடந்த பருப்பையும் சேர்த்து மொண்டு ஊற்றினார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. “நூத்திப் பதினேழுங்” என்றார்.

நம்பரைத்தான் சொன்னார், விதி எதையும் மீறவில்லை. கடைசியில் ஒரு ‘ங்’ மட்டும் கூட வந்துவிட்டது. வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எங்கள் பக்கம் வரப்புத் தகராறில் மண்வெட்டியைத் தூக்குகிறவன்கூட “ஏனுங், நீங்க பண்றது நாயமுங்களா” என்று கேட்டுவிட்டுத்தான் தூக்குவான். பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு, இருப்பதே மறந்துபோன சத்தம். அன்றைக்குச் சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்தவன் ரசம் ஆறும்வரை சோற்றில் கை வைக்கவில்லை.

ஒரு வாரத்தில் மேற்பார்வையாளர் கண்டுபிடித்துவிட்டார். எங்கள் எதிரிலேயே அந்த அக்காவைக் கேட்டார். “நம்பருக்கு என்ன மரியாதை?”

“மரியாதை இல்லீங் சார், வாய்ப் பழக்கமுங்.”

“மாத்திக்கோ.”

“சரீங்.” சொல்லிவிட்டு அடுத்த தட்டத்துக்குத் திரும்பினார். “நூத்திப் பதினெட்டுங்.”

சிரிப்பை அடக்க எல்லோரும் தட்டத்தைப் பார்த்தோம். அந்த ஆளுக்கு உறைத்தது வேறு என்று நினைக்கிறேன். அவருக்குக் கிடைத்த அதே ‘ங்’தான் எங்களுக்கும் கிடைத்துக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரியே அது ஹாலுக்குள் பரவிவிட்டது. “தொண்ணூறுங், காலை மடக்கிப் படுங்.” “எண்பத்தி நாலுங், கொசுவத்தி இருக்குதுங்களா?” தூத்துக்குடிப் பையன் ஒருவன்கூடப் பழகிக்கொண்டான், அவன் வாயில் அது கொஞ்சம் தப்பாக வந்தாலும்.

காலையில் பெட்டி முன்னால் நின்று, ‘நாட்டுக்கு தீங்கு செய்தேன், திருந்தி வருகிறேன்’ என்று சொல்ல வேண்டும். குரலை அளந்து, மனசு எத்தனை பங்கு மாறியிருக்கிறது என்று அது மார்க் போடும். நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லித் தீர வேண்டியிருந்தவர்கள், பிள்ளைகுட்டி வெளியே இருந்தவர்கள், “திருந்தி வர்றேனுங்” என்று இழுத்தார்கள். பெட்டி திணறியது. அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

வாய் திறக்காதவனுக்கு அதே வாக்கியம் தினம் 100 தடவை இம்போசிஷன். நோட்டைப் பிரித்தேன். ‘நாட்டுக்கு’ பக்கத்தில் ஒற்று இல்லை. நாலாம் வேற்றுமைக்குப் பின்னால் வலி மிகும், ‘நாட்டுக்குத் தீங்கு’ என்றுதான் வரவேண்டும், முதலில் பிழையைத் திருத்திக் கொடுங்கள் என்றேன். திருத்தவில்லை. எனக்குத்தான் வலி மிகுந்தது. நோட்டில் 11 மாதமும் ஒரு ‘த்’ மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 31 வருசம் பள்ளிக்கூடத்தில் நானும் பிள்ளைகளை நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டேன். “ரோல் நம்பர் பதினாலு, எந்திரி.” இம்போசிஷனும் கொடுத்தேன், வஞ்சனையில்லாமல். பதினாலாம் நம்பர் யார் என்று இப்போது எவ்வளவு யோசித்தும் முகம் வரவில்லை.

வக்கீல்களுக்கு நன்றி. சம்மதம் இல்லாமல் உண்மை கண்டறியும் சோதனையோ மூளைச் சோதனையோ செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் செல்வி வழக்கில் சொன்னதையும், தேசிய கீதத்துக்கு எழுந்து நின்று பாடாமல் இருந்த மூன்று கேரளப் பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நீக்கியது செல்லாது என்று 1986இல் சொன்னதையும் பிடித்துக்கொண்டு விடாமல் வாதாடியவர்கள் நீங்கள். தென்கொரியாவில் மனமாற்றக் கடிதம் எழுத மறுத்து 40 வருசத்துக்கு மேல் சிறையில் கிடந்தவர் கதையைப் பார்க்க வந்த அன்று சொன்னீர்களே, அது ஆறுதலா பயமுறுத்தலா என்று இன்னும் விளங்கவில்லை. அப்புறம், ஈரோட்டில் வெயிலில் அட்டை பிடித்து நின்றவர்கள், ஒரு நாள் கூலியை விட்டுத் தறியை நிறுத்தியவர்கள், போஸ்டரைக் கிழிக்க விடாத பேக்கரி அண்ணன், என் எருமைக்குச் சோளத்தட்டுப் போட்ட பக்கத்து வீடு, உங்களுக்கெல்லாம் நேரில் வந்து சொல்கிறேன். வீட்டுக்காரிக்கு எழுத்தில் சொன்னால் திட்டு விழும்.

நாளைக்கு மறுநாள் திண்ணையில் டியூஷன் ஆரம்பிக்கிறேன். ஏழு பிள்ளைகள் வருகிறார்கள். பெயர்களை எழுதி வாங்கிவிட்டேன். வாங்க கண்ணு, உட்காருங் கண்ணு என்று சொல்லிப் பார்த்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். இந்த வயசில் நாக்கு கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது.

அந்த அக்காவுக்குப் படிக்க வராது என்று கேள்வி. யாராவது படித்துக் காட்டுங்கள். படித்துக் காட்டியவர் யார், எந்த ஊரில் என்று எனக்கு எழுத வேண்டாம். அரிசிம்பருப்பு சோறு ஆக்கி வைக்க ஒரு வீடு இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். ரசத்தை நான் ஊற்றுகிறேனுங்.

இப்படிக்கு,
தமிழ் வாத்தியார்,
சென்னிமலை