மூன்று பூட்டுப் பெட்டி

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதங்களுக்குப் பதில் போடாமல் இருந்துவிட்டேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம், என் முழங்காலைத் தவிர.

பக்கத்து வீட்டு மூதாட்டி தம் முன்னோரைத் தேடித் தரும்படி கேட்டார். சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திரங்களோடு மாரடித்தவன் நான் என்று என் மகன் பெருமையடித்ததன் விளைவு. இங்கிலாந்தின் இந்த டார்செட் மாவட்டத்துச் சிற்றூர்களின் பழைய ஏடுகளைப் பார்க்க டார்செஸ்டரில் உள்ள ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். 1538இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் இட்ட ஆணையால் ஒவ்வொரு சேகரத்திலும், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியிலும், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதத் தொடங்கினார்கள். பின்னர் 1603இல், பதிவேடுகளை மூன்று பூட்டுப் பெட்டியில் வைத்து, ஒரு சாவியைக் குருவானவரும் மற்ற இரண்டைச் சர்ச் வார்டன்கள் எனப்படும் கோயில் நிர்வாகிகளும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதித்தார்கள். நம் பரமசிவமாக இருந்தால் மூன்றும் அவன் இடுப்பில்தான் தொங்கியிருக்கும்.

பதிவேட்டில் ஏழைக்கு ஒரு வரிதான். அதே பெட்டிகளில் கிடந்த வேறு தாள்களே என்னைப் பிடித்துக்கொண்டன. ஏழையைப் பராமரிக்கும் செலவு, உதவி பெற அவனுக்கு உரிமையுள்ள சேகரத்தைச் சேர்ந்தது என்பதால், 1662ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், வெளியூரிலிருந்து வந்து பாரமாகக்கூடியவனை மாஜிஸ்திரேட்டுகள் இருவர் முன் நிறுத்தி, எங்கே பிறந்தான், யாரிடம் எத்தனை காலம் கூலிக்கு இருந்தான், எவ்வளவு வாடகை கொடுத்தான் என்று துருவிக் கேட்டு எழுதி, அடியில் அவன் கையால் ஒரு பெருக்கல் குறி போடவைத்து, உரிமையுள்ள ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பண்ணையாளின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு தாளில் கிடைக்கிறது. நிலக்கிழாரைப் பற்றிக்கூட இவ்வளவு தெரிவதில்லை.

மணமாகாதவன் ஓராண்டு முழுவதும் ஒரே எசமானிடம் வேலை பார்த்தால் அந்த ஊரில் உரிமை வந்துவிடும். ஆகவே ஆண்டு நிறைவதற்குச் சில நாள் முன்பே கணக்குத் தீர்த்து அனுப்பிய எசமானர்கள் உண்டு. நம் அலுவலகத்தில் தற்காலிகப் பணியாளர்களுக்கு இடையில் ஒரு நாள் வேலை இல்லாமல் செய்வார்களே, அந்தத் தந்திரத்தை நாம் கண்டுபிடிக்கவில்லையப்பா.

இனி விளையாட்டில்லை. மணமாகாத பெண்ணின் குழந்தை பிறந்த ஊருக்கே உரியது என்பது அன்றைய பொது விதி. எனவே கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்கு முன்பே எல்லை தாண்டி அனுப்பினார்கள். மூதாட்டியின் முன்னோர் ஒருவருடைய தாய்க்கும் அதுவே நடந்திருக்கிறது. ஞானஸ்நானப் பதிவேட்டில் தாயின் பெயர் மட்டுமே இருக்கிறது. தகப்பன் பெயர், வளர்ப்புச் செலவை அவன் தலையில் கட்டச் சேகரத்தார் எழுதி வாங்கிய பத்திரத்தில்தான் வருகிறது. அவன் அவள் வேலை பார்த்த பண்ணையின் எசமானன்.

மூதாட்டி அந்தத் தாயை நேர்மையான விதவை என்று சொல்லிக் கேட்டே வளர்ந்தவர். பத்திரத்தின் நகல் இப்போது என் மேசையில் இருக்கிறது. அதை அப்படியே காட்டுவதா, கேட்டால் மட்டும் சொல்வதா? கமலாவிடமும் கேட்டு எழுது. இதிலெல்லாம் உன்னைவிட அவளுக்குத்தான் விவரம் அதிகம்.

அன்புடன்,
சபாபதி