குசினிக் களஞ்சியத்தை ஒதுக்கியது பற்றி அம்மாவுக்கு

ஸ்காபரோ, கனடா,
2024 பங்குனி 17, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் இவரும் பிள்ளைகளும் இங்கு நலம். நீங்களும் தம்பி குடும்பமும் நலமாக இருக்க வற்றாப்பளை அம்மனை வேண்டுகிறேன். தொலைபேசியில் சொன்னால் பாதியில் உங்களுக்குக் கோபம் வரும், எனக்கு அழுகை வரும் என்பதால் இதைக் கடிதமாகவே எழுதுகிறேன். ஏழெட்டு ஆண்டுகளாக வருவோர் போவோரிடம் நீங்கள் கொடுத்துவிட்ட சாமான்களில் பெரும்பகுதியை வெள்ளியும் சனியுமாக இரண்டு நாட்களில் குப்பையில் கொட்டிவிட்டேன்.

நடந்தது இதுதான். எங்கள் குசினியை ஒட்டி, ஓர் ஆள் உள்ளே நின்று திரும்பக்கூடிய அளவில் சிறிய களஞ்சிய அறை ஒன்று இருக்கிறது. பாண்ட்றி என்பார்கள். ஐந்து தட்டுகளும் ஒரு கதவும் உண்டு, யன்னல் இல்லை. கதவைச் சாத்திவிட்டால் உள்ளே என்ன கிடக்கிறது என்பது விருந்தாளிக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரிக்கும் தெரியாது. சென்ற மாதம் இரவுச் சாப்பாட்டு வேளைகளில் விளக்கைச் சுற்றிச் சிறிய அந்துகள் பறக்கத் தொடங்கின. வெளியே பனி கொட்டிக் கிடக்கும்போது பூச்சி எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்க, மூத்தவள் ஒன்றைக் கண்ணாடிக் குவளையால் மூடிப் பிடித்து, இறக்கையின் உட்பாதி சாம்பல் நிறமாகவும் வெளிப்பாதி செம்பு நிறமாகவும் இருப்பதைப் பார்த்து, இது மாவிலும் தானியத்திலும் முட்டையிடும் அந்து, வெளியிலிருந்து வரவில்லை, எங்கள் வீட்டுக்குள்ளேயே பிறந்தது என்று தீர்ப்புச் சொன்னாள்.

பிறந்த இடத்தை மூன்றாம் தட்டின் பின்மூலையில் கண்டுபிடித்தேன். 2022இல் நீங்கள் அனுப்பிய குரக்கன் மா அது. பையைத் தூக்கியபோது வாய்ப்பக்கத்து மா உதிரவில்லை. நூலில் கோத்ததுபோல் கட்டிகட்டியாகத் தொங்கியது. விரலால் தொட்டால் சிலந்தி வலைபோல் இழுபட்டது. உள்ளே அரிசிமணி அளவில் வெள்ளைப் புழுக்கள். அங்கிருந்து பக்கத்துப் பயற்றம் பைக்கும், உழுத்தம் மாவுக்கும், சின்னவன் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் பொரிப் பெட்டிக்கும் குடியேறிவிட்டிருந்தன. இனி ஒன்றையும் நம்ப முடியாது என்று முடிவு செய்து, பழைய படுக்கை விரிப்பை நிலத்தில் விரித்து, ஐந்து தட்டுகளையும் வெறுமையாக்கினேன்.

எல்லாவற்றையும் நிலத்தில் பார்த்தபோதுதான் வெட்கம் வந்தது. இருபது இறாத்தல் அரிசி மூட்டைகள் மூன்று, மைசூர்ப் பருப்பு ஆறு பைகள், தேங்காய்ப்பால் பேணிகள் பதினான்கு, ஒன்பது பைகள் உப்பு. இவற்றிற் பாதி 2020 பங்குனியில் வாங்கியவை. கொரோனாவுக்கு ஊர் முழுவதும் முடங்கப்போகிறது என்றவுடன் இங்குள்ள சனங்கள் கடைகளில் மலசலகூடத் தாளுக்கு அடிபட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பதறாமல் நேராக அரிசி, பருப்பு, உப்பு, தீப்பெட்டி என்று நாலு தட்டிகளுக்குப் போய் வண்டிலை நிரப்பிக்கொண்டு வந்தேன். அந்த முடக்கம் முடிந்து எத்தனையோ காலமாகியும், மலிவு விற்பனை என்று கண்டால் என் கை தானாக உப்புக்கும் அரிசிக்கும் போவது நிற்கவில்லை. உப்புப் பைகளை எண்ணிவிட்டு இவர் என்னைப் பார்த்தார். இவர் 1995 இடப்பெயர்வோடு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போனவர். 2009இல் போரின் கடைசி நாட்களில் அரிசியும் தண்ணீரும் உப்பும் போட்ட கஞ்சிக்கு நாங்கள் வரிசையில் நின்றதை நான் சொல்லிக் கேட்டிருக்கிறாரே தவிர, உப்பும் இல்லாமற்போன நாட்களில் அந்தக் கஞ்சியின் ருசி அவருக்குத் தெரியாது. நான் ஒன்றும் சொல்லவில்லை. உப்புப் பழுதாகாது என்று மட்டும் சொல்லி ஒன்பதையும் திரும்ப அடுக்கினேன்.

கொட்டுவதற்குக் கடினமாக இருந்தது உங்கள் கறித்தூள்தான். ஐந்து பொதிகள். பொலித்தீன் பையின் வாயை மெழுகுதிரிச் சுடரில் பிடித்து ஒட்டி, அதன்மேல் இன்னொரு பை, அதற்குமேல் ஒட்டுநாடா என்று நீங்கள் கட்டிய கட்டு ஒன்றுகூட அவிழவில்லை; பூச்சியும் உள்ளே போகவில்லை. ஆனால் மிகப் பழைய பொதியை வெட்டி உள்ளங்கையில் கொட்டியபோது, செங்கல் தூளின் நிறத்தில் இருந்ததே ஒழிய, மூக்கருகே கொண்டுபோனாலும் வறுத்த மல்லியோ பெருஞ்சீரகமோ எட்டிப் பார்க்கவில்லை. அரைத்த சரக்கின் எண்ணெய் நாளாக நாளாகப் பறந்துவிடும், கட்டு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் ஆண்டுக்கணக்கில் நிற்காது. செத்தல் மிளகாயையும் மல்லியையும் முற்றத்தில் காயப்போட்டு, வெயிலுக்குள் நின்று காகம் கலைத்து, பதமாக வறுத்து, மில்லில் வரிசை நின்று அரைப்பித்த தூளை, அம்மாவின் தூள், விசேஷத்துக்கு இருக்கட்டும் என்று எடுத்து வைத்துவிட்டு, நாள்தோறும் கடைத்தூளில் சமைத்திருக்கிறேன். அப்படி ஒரு விசேஷமும் வரவில்லை.

உணவுக் கழிவுக்கென்று இந்த நகரசபை பச்சைத் தொட்டி ஒன்று தந்திருக்கிறது. றக்கூன் என்றொரு விலங்கு, நம்மூர் மரநாயைப் போன்றது, கைவிரலால் மூடி திறக்கக்கூடியது; அதற்காகவே தொட்டிக்குப் பூட்டும் வைத்திருக்கிறார்கள். உங்கள் தூள் உள்ளே கிடக்கும் வாரத்துக்குப் பூட்டுத் தேவைப்படாது என்று இவர் பகிடி விட்டார். எனக்கு அந்த நேரம் சிரிப்பு வரவில்லை.

கடைச்சாமானில் திகதி முடிந்தால் இங்கு எல்லாவற்றையும் வீசுவார்களாமே என்று முன்பு கேட்டீர்கள். அது அப்படியல்ல. பெரும்பாலான சாமான்களில் இருப்பது, பிரிக்காமல் முறையாக வைத்திருந்தால் எந்த நாள் வரை தன் சுவையும் தரமும் குறையாமல் இருக்கும் என்று சொல்லும் திகதி. அது தாண்டினால் நஞ்சு என்று பொருளில்லை. குழந்தைப் பால்மா போன்ற சிலவற்றுக்கு மட்டுமே இதற்குப் பின் உண்ணவே கூடாது என்ற திகதி உண்டு. மாதத்தை ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டுக்கும் பொதுவாக ஈரெழுத்தில் அச்சிடுவார்கள். எம்.ஆர். என்றால் பங்குனி, எம்.ஏ. என்றால் வைகாசி. இதைப் பிடித்துக்கொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. எத்தனை வைகாசிச் சாமானைப் பங்குனியில் எறிந்தேனோ தெரியாது. இம்முறை நாலு மாதம் தாண்டிய மீன் பேணியைத் திறந்து சமைத்தோம், ஒரு குறையும் இல்லை. ஆனால் தேங்காய்ப்பால் பேணிகள் இரண்டு மேலும் கீழும் உப்பிப்போயிருந்தன. உப்பிய பேணியை வாயில் வைத்துப் பார்ப்பதுகூட ஆபத்து என்பதால் அவற்றைத் திறக்காமலே எறிந்தேன். தம்பி வீட்டிலும் அப்படி ஒன்று கண்டால் ருசி பார்க்க விடாதீர்கள்.

பிரிக்காத, திகதி முடியாத சாமான்களைப் பெட்டியில் இட்டு, கடை வாசலில் உணவு வங்கிக்கென்று வைத்திருக்கும் தொட்டியில் போட்டேன். வீட்டில் செய்தவையும் அச்சிட்ட விபரம் இல்லாதவையும் அங்கே எடுக்க மாட்டார்கள். ஆகவே பனங்கிழங்கை அவித்துக் காயவைத்து நீங்கள் அனுப்பிய புழுக்கொடியலை, தெருமுனையில் இருக்கும் கிளிநொச்சி அன்ரியிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றை எடுத்து மேசையில் தட்டிப் பார்த்து, “பிள்ளை, இது என்னைவிடத் திடமாக இருக்கு” என்று சொல்லி, இடித்துத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுத் தின்னலாம் என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

வெறும் போத்தல்கள் இருபத்தேழு இருந்தன. நீலத் தொட்டியில் போட்டால் எடுத்துப்போய் மறுசுழற்சி செய்வார்கள். இருபத்தாறைப் போட்டேன். ஜாம் போத்தல் ஒன்றை வைத்துக்கொண்டேன். பொருளாதாரத் தடைக் காலத்தில், அடியில் பஞ்சு வைத்து, அளந்து மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வில் திரி கோத்து ஐயா செய்து தந்த விளக்கைப்போல் ஒன்றைச் சின்னவனுக்குச் செய்து காட்டப் போகிறேன். அதுவும் சேர்த்து வைக்கும் குணம்தான் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

இப்போது தட்டுகளைச் சுடுநீரும் சவர்க்காரமும் விட்டுத் துடைத்து, ஆணித் துளைகளைக்கூட ஊசியால் குத்திச் சுத்தமாக்கிவிட்டேன், ஏனெனில் அந்தின் புழு அங்கேயும் கூடு கட்டும். மிஞ்சிய மாவையும் பயறையும் நாலு நாள் ஆழ்குளிரில் வைத்தபின் மூடி இறுகும் போத்தலில் இடுவேன். நீங்கள் சித்திரை வெயிலில் பாயில் பரப்பியும், நெல்லுக்குள் காய்ந்த வேப்பிலை போட்டும் செய்வதை, வெயில் இல்லாத இடத்தில் குளிரைக்கொண்டு செய்கிறேன்.

இனி உங்கள் பங்கு, அம்மா. 2019இல் நான் வந்தபோது உங்கள் அலுமாரியின் மேல்தட்டில், நான் அனுப்பிய சொக்கிளேற்றுகள் வெளுத்துப்போய், சவர்க்காரம் பெட்டி பிரிக்காமல், புதுத் துவாய்கள் மடிப்புக் குலையாமல் இருந்ததைக் கண்டேன். பிள்ளை அனுப்பினது, இருக்கட்டும் என்றீர்கள். நான் அப்போது உங்களைக் கடிந்துகொண்டதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். தம்பியைக்கொண்டு அந்தத் தட்டை இறக்குவியுங்கள். துவாயைப் பாவியுங்கள்.

வற்றாப்பளைப் பொங்கல் முடிந்து இவருடைய மச்சாள் திரும்பி வருகிறா. அவவிடம் கால்கிலோ தூள் மட்டும் கொடுத்துவிடுங்கள், அதற்குமேல் வேண்டாம். மில்லில் அரைத்த நாளைப் பையின்மேல் பேனையால் எழுதுங்கள். வந்த அன்றிரவே மீன்குழம்பு வைத்துவிட்டு உங்களுக்கு எடுத்துக் கதைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்