சிரையில் ஓடுவது கெட்ட ரத்தமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் உடல்நலப் பக்கத்தில் ரத்தக் குழாய்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எளிமையாகத்தான் எழுதியிருக்கிறார்கள், ஆனால் தமனியில் நல்ல ரத்தம், சிரையில் கெட்ட ரத்தம் என்று அதே பழைய பாட்டு. இன்னும் எத்தனை நாளைக்கு இதையே சொல்லிக்கொண்டிருப்பது?

இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது சிரை, அவ்வளவுதான் கணக்கு. நுரையீரலுக்குப் போகும் தமனியில் ஆக்சிஜன் குறைந்த ரத்தம்தான் ஓடுகிறது, அங்கிருந்து திரும்பும் சிரைகளில்தான் ஆக்சிஜன் நிறைந்த ரத்தம். கருவில் இருக்கும் குழந்தைக்குத் தொப்புள்கொடி வழியாக ஆக்சிஜனைக் கொண்டுவருவதும் ஒரு சிரைதான். அப்புறம், கெட்டது என்று ஒதுக்குகிறோமே, அந்த ரத்தத்தில்கூட நாம் ஓய்வாக இருக்கும்போது ஹீமோகுளோபின் (சிவப்பணுக்களில் உள்ள புரதம்) சுமக்கக்கூடிய ஆக்சிஜனில் சுமார் 75 சதவீதம் மிச்சம் இருக்கிறது. அது நீலமும் இல்லை, கருஞ்சிவப்பு.

சரி, உண்மையான வித்தியாசம் எங்கே? சுவரில். இரண்டுக்கும் மூன்று அடுக்குதான், ஆனால் தமனியின் நடு அடுக்கில் தசையும் மீள்தன்மையுள்ள நார்களும் அதிகம், ஏனென்றால் இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் வரும் அழுத்தத்தை அது தாங்க வேண்டும். இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனியில் அழுத்தம் 120 மி.மீ. பாதரசம் வரை ஏறுகிறது, நுரையீரல் தமனியில் சுமார் 25தான், அதனால் அதன் சுவரும் மெல்லியது. சிரைகளில் அழுத்தம் இன்னும் குறைவு, காலிலிருந்து ரத்தம் மேலே ஏற வேண்டுமானால் கெண்டைக்கால் தசை பிழிந்துவிட வேண்டும், ஏறியது கீழே இறங்காமல் உள்ளே இருக்கும் வால்வுகள் பார்த்துக்கொள்ளும்.

பைபாஸ் அறுவை சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். காலிலிருந்து எடுத்த சிரையை, வால்வு ரத்த ஓட்டத்தைத் தடுக்காதபடி தலைகீழாகத் திருப்பி, இதயத் தமனியில் அடைப்பைத் தாண்டி இணைக்கிறார்கள். தமனிக்குரிய அழுத்தம் பட்டதும் அந்தச் சிரையின் சுவர் நாளடைவில் தடிக்க ஆரம்பித்துவிடுகிறது. சுவர் எப்படி இருக்கும் என்பதை முடிவுசெய்வது அழுத்தம்தான், கட்டுரையில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

தமனிகளையும் சிரைகளையும் இணைக்கும் மிக நுண்ணிய குழாய்களான தந்துகிகளுக்கு ஒரு வரிகூட ஒதுக்காததும் குறைதான். ஒரே அடுக்குச் செல்களால் ஆன அந்தச் சுவர் வழியாகத்தான் ஆக்சிஜன் திசுக்களுக்குள் போகிறது, கழிவு வெளியே வருகிறது. அடுத்த முறை படம் போடும்போது அவற்றையும் சேருங்கள், ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தை நீலத்தில் காட்டும் பட வழக்கப்படி நுரையீரல் தமனிக்கு நீலமும் நுரையீரல் சிரைகளுக்குச் சிவப்பும் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்