அசனமும் ஒரு பிடி அரிசியும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஸ்தோத்திரம். இங்கே நலம், அங்கே நீயும் தங்கச்சியும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதத்துக்கு எட்டு மாதமாகப் பதில் போடவில்லை. நீ திட்டுவதற்கு முன் நானே என்னைத் திட்டி முடித்துவிட்டேன், அதனால் அதை விட்டுவிடு. நம் சபை விருந்தான அசனத்துக்கு நீ அனுப்பிய 2,000 ரூபாய்க்கு ரசீது இதனுடன் இருக்கிறது. உபதேசியார் உன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உன் அப்பா பெயரை எழுதியிருக்கிறார். பரலோகக் கணக்கில் திருத்திக்கொள்வார்கள்.

எழுத வந்த காரியம் வேறு. அடுத்த வருஷத்திலிருந்து அசனச் சமையலைக் காண்ட்ராக்டுக்கு விடப் போகிறார்களாம். கமிட்டிக்காரர்கள் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. பையன்களெல்லாம் சென்னையிலும் துபாயிலும் இருக்கிறார்கள். இந்த வருஷம் காய் நறுக்க உட்கார்ந்தவர்களில் அறுபதுக்குக் கீழே எட்டுப் பேர் தேறவில்லை. விறகுப் புகையில் எனக்கு இரண்டு நாள் கண் எரிச்சல். காண்ட்ராக்டர் வந்தால் கறியாவது வெந்திருக்கும். நம் கறி எந்த வருஷம் வெந்தது? இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் மனம் கேட்கவில்லை.

நெட்டையனும் மிலிட்டரி அண்ணாச்சியும் பேச்சை நிறுத்திப் பதினொரு வருஷம் ஆகிறது, உனக்குத் தெரியும். உன் கல்யாணத்துக்கு ஒரே சைக்கிளில் வந்து வாய்க்காலில் விழுந்தவர்கள், ஒரு தேர்தலில் எதிரெதிர் அணியில் நின்றார்கள், அதோடு சரி. கோயிலில் ஒருவர் ஆராதனையின் முதல் மணிக்கே வந்து வடபக்கம் உட்கார்ந்தால், மற்றவர் இரண்டாம் மணிக்கு வந்து தென்பக்கம் உட்காருவார். திருவிருந்துக்குக்கூட வரிசை பார்த்துத்தான் எழுந்திருப்பார்கள்.

அசனத்தன்று விடியற்காலை மூன்று மணி இருக்கும். பெரிய அண்டாவில் சோறு பதத்துக்கு வந்துவிட்டது. காதுகளில் கம்பைக் கோத்து, வாயில் வேட்டியைக் கட்டிச் சாய்க்க வேண்டும். கம்பின் ஒரு முனையில் அண்ணாச்சி. மறுமுனைக்காரன் காப்பி குடிக்கப் போனவன் போனவன்தான். இன்னும் இரண்டு நிமிஷம் விட்டால் சோறு குழைந்துவிடும். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நெட்டையன் எங்களைச் சுற்றிப் பார்த்தான். ஒருவரும் அசையவில்லை. நான் என் கையிலிருந்த கத்தியை ஏதோ புதிதாக வாங்கியதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எழுந்தான், கையை வேட்டியில் துடைத்தான், வந்து கம்பைப் பிடித்தான்.

“தூக்கு” என்றார் அண்ணாச்சி.

கஞ்சி வடியும்வரை இரண்டு பேரின் மூச்சுச் சத்தம் மட்டும். “மெள்ள” என்றான் நெட்டையன். சோற்றை ஓலைப்பாயில் கொட்டினார்கள். அவ்வளவுதான், மாப்பிள்ளை. கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். மறு ஞாயிறு பழையபடி வடபக்கம், தென்பக்கம். ஆனாலும் பதினொரு வருஷத்தில் ஆளுக்கு ஒரு வார்த்தை. அதற்கு முன்னால் பேசிக்கொண்ட கடைசி வார்த்தையைக் கடிதத்தில் எழுத முடியாது.

காண்ட்ராக்டர் வந்தால் கம்பின் இரண்டு முனையிலும் சம்பளத்துக்கு ஆள் இருக்கும்.

கமிட்டியில் எழுந்து அசரியாவை இழுத்தேன். நம் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், 35 வயதில், 1910இல், எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளின் முகத்துக்கு நேரே கேட்டாரே: ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று! இரண்டே வருஷத்தில் தோர்ணக்கல்லுக்கு அவரையே பிஷப்பாக்கினார்கள், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப். இவ்வளவும் சொல்லி உட்கார்ந்தேன். பொருளாளர், “அண்ணாச்சி, அவர் சமையலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன், அங்கேதான் தோற்றேன்.

என் வீட்டுக்காரி போய் இந்த மார்ச்சோடு இரண்டு வருஷம். உலை வைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்துப் பானையில் போடுவாள், நீ பார்த்திருக்கிறாய். இப்போது நான் போடுகிறேன். ஓர் ஆளுக்கு ஓர் உழக்கு அரிசி; அதில் என் கையால் ஒரு பிடி எடுத்தால் பள்ளம் விழுகிறது. அவள் கை சின்னது. விரலை மடக்கிக் குறைத்து எடுக்கிறேன், திருடுகிறவன் மாதிரி இருக்கிறது. விசுவாசப் பிரமாணத்தில் சில வரிகளுக்கு என் வாய் மட்டும்தான் அசைகிறது. பாதிரி ஐயரிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். ஆனால் இரண்டாம் மணிக்குள் நான் போய்ச் சேராவிட்டால் மணியடிக்கும் கோயில்பிள்ளை வந்து கதவைத் தட்டுவான். ஜனவரியில் காய்ச்சலில் கிடந்தபோது அப்படித்தான் தட்டினான். ஆராதனை முடிந்த அரைமணி நேரத்தில் இரண்டு வீட்டிலிருந்து கஞ்சி வந்துவிட்டது: நெட்டையன் வீட்டுத் தூக்குவாளி, அண்ணாச்சி வீட்டுத் தூக்குவாளி. ஒன்றைத் திண்ணையின் இந்தக் கோடியிலும் மற்றதை அந்தக் கோடியிலும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டையும் குடித்தேன். அண்ணாச்சி வீட்டுக் கஞ்சியில் உப்பில்லை. இதை நீ யாரிடமும் சொல்லிவிடாதே.

மே முதல் வாரம் சபைக்கூட்டம். காண்ட்ராக்ட் விஷயத்துக்குக் கை தூக்கச் சொல்வார்கள். உன் பெயர் இன்னும் நம் சபைப் பட்டியலில்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன். பம்பாயிலிருந்து டிக்கெட் இப்போதே போட்டால் கிடைக்கும். லீவு இல்லை என்று மட்டும் எழுதாதே, நீ ஓய்வுபெற்று ஆறு வருஷம் ஆகிறது.

உன்
மச்சான்