சிறிய படங்களை அச்சுக்கு அனுப்பும் முன்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். நீங்கள் சொந்தமாக வடிவமைப்புப் பணியைத் தொடங்கியிருப்பதையும், முதல் பெரிய வேலையாக ஒரு நிறுவனத்தின் பொன்விழா மலர் வந்து சேர்ந்திருப்பதையும் படித்து மிகவும் மகிழ்ந்தேன். நான் இன்னும் அச்சுக்கு முந்தைய பிரிவில்தான் இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த இளைஞர்களுக்குப் பணி பழக்குவதில் இப்போது பாதி நேரம் செல்கிறது. வாடிக்கையாளர் கொடுத்த படங்களெல்லாம் மிகச் சிறியவையாக இருக்கின்றன, எந்த மென்பொருளால் பெரிதாக்கலாம் என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். அந்த இளைஞர்களும் முதலில் இதையேதான் கேட்கிறார்கள். மென்பொருளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதைத் திறப்பதற்கு முன்பே முடிக்கவேண்டிய வேலைதான் இதில் அதிகம்.

முதலில், ‘72 டிபிஐ’ (அங்குலத்துக்கு 72 புள்ளி) என்று குறித்து நீங்கள் ஒதுக்கிவைத்த படங்களை மீண்டும் எடுத்துப் பாருங்கள். அந்த எண் கோப்புக்குள் எழுதப்பட்ட ஒரு குறிப்பு மட்டுமே. படத்தில் உண்மையாக இருப்பது பிக்சல்களின் எண்ணிக்கை. 3000 பிக்சல் அகலமுள்ள படத்தில் 72 என்று எழுதியிருந்தாலும், அதை 10 அங்குல அகலத்தில் வைத்தால் அங்குலத்துக்கு 300 பிக்சல் கிடைத்துவிடும். 640 பிக்சல் அகலமுள்ள படத்தில் 300 என்று எழுதியிருந்தாலும், அது இரண்டு அங்குலத்தைச் சற்றே தாண்டும் அளவுக்குத்தான் போதும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், பக்கத்தில் வைத்த படத்தைத் தேர்ந்தெடுத்து இணைப்புகளின் பட்டியலைப் பார்த்தால், அசல் எண்ணும், வைத்த அளவில் மெய்யாகக் கிடைக்கும் எண்ணும் தனித்தனியே தெரியும். இரண்டாவது எண்ணை மட்டும் நம்புங்கள்.

அச்சுக்குத் தேவை என்று வழக்கமாகச் சொல்லும் அந்த 300 என்ற எல்லையும் எல்லா வேலைக்கும் பொருந்துவதன்று. பளபளப்பான தாளில் ஆஃப்செட் அச்சு பொதுவாக அங்குலத்துக்கு 150 கோடுகள் கொண்ட ஸ்கிரீனில், அதாவது படத்தை மைப்புள்ளி வரிசைகளாகப் பிரிக்கும் அமைப்பில், நடக்கிறது. அதன் இருமடங்குதான் 300. ஒன்றரை மடங்கான 225 இருந்தாலே பெரும்பாலான புகைப்படங்களில் வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினம். செய்தித்தாள் போன்ற முரட்டுத் தாளில் ஸ்கிரீன் 85 அல்லது 100 கோடுகளாகக் குறைவதால் 200 பிக்சலே தாராளம். ஆகவே எந்தத் தாள், எத்தனை கோடுகள் என்பதை அச்சகத்தாரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பட்டியலில் கணிசமான படங்கள் அந்த ஒரு கேள்வியிலேயே தப்பிவிடும் என்று நினைக்கிறேன்.

தப்பாதவற்றுக்கு மூலத்தைத் தேடவேண்டும். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் படம் சுருக்கப்படுகிறது; அதே படத்தை ஆவணமாக இணைத்தால் கோப்பு மாறாமல் வருகிறது. வாடிக்கையாளரிடம் ‘தெளிவான படம் அனுப்புங்கள்’ என்று கேட்டால், திரையில் தெளிவாகத் தெரியும் அதே சிறிய படத்தையே மீண்டும் அனுப்புவார், அதில் அவருடைய குற்றம் எதுவும் இல்லை. ‘இந்தப் படத்தை எடுத்தவர் யார், அவருடைய கேமராவிலோ கைபேசியிலோ இன்னும் இருக்கிறதா, வெட்டாமல் ஆவணமாக அனுப்பமுடியுமா’ என்று கேளுங்கள். வேர்டு கோப்பில் ஒட்டிவந்த படங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: கோப்பின் ஒரு பிரதியை எடுத்து, பெயரின் இறுதியிலுள்ள டாக்எக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றி விரித்தால், உள்ளே மீடியா என்னும் கோப்புறையில், பக்கத்தில் தெரிவதைவிடப் பெரிய அளவில் படம் கிடைப்பதுண்டு. பழைய புகைப்படத்தைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பியிருந்தால், அந்தத் தாள் பிரதியையே வாங்கி 600 பிபிஐயில் (அங்குலத்துக்கு 600 பிக்சல்) நீங்களே ஸ்கேன் செய்யுங்கள்.

நிறுவனத்தின் சின்னத்தைப் பெரிதாக்க முயலவே வேண்டாம். அவர்களுடைய பழைய ஆண்டறிக்கையின் பிடிஎஃப் கோப்பை இல்லஸ்ட்ரேட்டர் என்னும் வரைகலை மென்பொருளில் திறந்து பாருங்கள், சின்னம் வெக்டராகவே, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோட்டு வடிவமாகவே, உள்ளே இருக்கக்கூடும். இல்லையென்றால் புதிதாக வரைந்துவிடுங்கள். தானியங்கியாகக் கோடு பிடிக்கும் கருவி கூர்முனைகளை மழுக்கிவிடும். எழுத்துகளை உரிய எழுத்துருவில் அடித்து வைப்பதே சுத்தமான வேலை.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் படங்களுக்குத்தான் பெரிதாக்கும் கருவி தேவை. அங்கும் வரிசைமுறை முக்கியம். ஜேபெக் படத்தை 8 பிக்சலுக்கு 8 பிக்சல் கொண்ட கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. அதிகமாகச் சுருங்கிய படத்தில் அந்தக் கட்டங்களின் விளிம்புகளும், எழுத்துகளைச் சுற்றிய கசடும் தெரியும். அவற்றை நீக்காமல் பெரிதாக்கினால் அவையும் சேர்ந்தே பெரிதாகும். எனவே முதலில் படத்தை, தரம் குறைக்காமல் சேமிக்கும் டிஃப் அல்லது பிஎஸ்டி கோப்பாகச் சேமித்து, மேற்கொண்டு ஜேபெக்காகச் சேமிப்பதை நிறுத்துங்கள். வண்ணத் தகவலை ஜேபெக் பெரும்பாலும் பாதித் தெளிவில்தான் வைத்திருக்கிறது என்பதால், வெளிச்சத்தையும் வண்ணத்தையும் தனித்தனியே வைக்கும் லேப் முறைக்கு மாற்றி, வண்ணத் தளங்கள் இரண்டை மட்டும் மெல்ல மங்கச் செய்தால், கூர்மை குறையாமல் வண்ணக் கறைகள் அடங்கும். அதன் பிறகு பெரிதாக்குங்கள். கூர்மையூட்டுவதை இறுதி அளவில் ஒருமுறை மட்டும் செய்யுங்கள். மிக மென்மையான மணித்துகள் (பிலிம் படங்களில் காணும் நுண்புள்ளிகள் போன்றவை) சேர்த்தால் மங்கிப்போன பரப்புகள் மெழுகு போலத் தோன்றாது. அச்சு மைகளின் நான்கு வண்ண முறையான சிஎம்ஒய்கேக்கு மாற்றுவது இவையெல்லாம் முடிந்த பின்னரே.

செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்குவதைப் பற்றி ஆர்வத்தோடு எழுதியிருந்தீர்கள். 2021இல் அடோபியின் படத் திருத்தக் கருவியான கேமரா ராவில் வந்த ‘சூப்பர் ரெசல்யூஷன்’ அகலத்தையும் உயரத்தையும் இருமடங்காக்குகிறது. இலைகள், சுவர்கள், துணி மடிப்புகள் போன்றவற்றில் அது தரும் பலனை நானே மதிக்கிறேன். பழைய பைக்யூபிக் முறை இருக்கும் பிக்சல்களுக்கு இடையே கணக்கிட்டு நிரப்புவதோடு நின்றுவிடும். படம் மங்குமே தவிர, இல்லாத ஒன்று உள்ளே வராது. கற்றுக்கொண்ட படங்களை வைத்து நிரப்பும் கருவிகள் அப்படியல்ல. அவை ‘இங்கே இப்படி இருந்திருக்கலாம்’ என்று ஊகித்து எழுதுகின்றன. முகம் முழுவதும் 40 பிக்சலுக்குள் அடங்கும் ஒரு குழுப்படத்தில் கண்ணின் வடிவமும் பல்வரிசையும் இமையின் மடிப்பும் பதிவாகியே இருக்காது. அந்தக் கருவி அங்கே அழகான, கூர்மையான, வேறொருவருடைய கண்ணைத்தான் வைக்கும். பின்னாலிருக்கும் பெயர்ப்பலகையில் எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகள் தோன்றுவதையும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மலரில் மறைந்த நிறுவனருக்கு ஒரே ஒரு குழுப்படம்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதை முழுப்பக்கத்துக்குப் பெரிதாக்கும் எண்ணத்தைக் கைவிடும்படி மிகவும் வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது, தெளிவாக இருக்கும் அந்நிய முகத்தைவிட, சற்று மங்கலாக இருந்தாலும் அவருடைய முகத்தையே பார்க்க உரிமை உடையவர்கள். நாளைக்கு வேறொரு மலர் தயாரிப்பவர் உங்கள் பக்கத்தைத்தான் ஸ்கேன் செய்வார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பின்னணியைப் புதிய கருவியாலும் முகங்களைப் பழைய முறையாலும் பெரிதாக்கி, வேண்டாத பகுதியை மறைக்கும் முகமூடி அடுக்கு வைத்து ஒன்றாக இணைக்கலாம். கூர்மையில் வேறுபாடு தெரிந்தால் பின்னணியைச் சற்று மங்கச் செய்யுங்கள். அதைவிடவும் நல்லது, படத்தை மூன்று அங்குலத்தில் வைத்து, சுற்றிலும் வெள்ளை இடம் விட்டு, கீழே யார் யார் நிற்கிறார்கள் என்று ஒழுங்காகப் பெயர் எழுதுவது. அந்தப் பக்கத்துக்கு அதுவே கௌரவம் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதே படத்தை விழா அரங்கில் பெரிய பலகையாக வைப்பதற்குத் தடை இல்லை. சாதாரணப் பார்வையுள்ள கண் ஏறக்குறைய ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு வரை பிரித்தறியும்; ஒரு மீட்டர் தொலைவில் அது அங்குலத்துக்குச் சுமார் 87 பிக்சல், மூன்று மீட்டரில் 29. கையில் பிடித்துப் படிக்கும் மலரில் நிற்காத படம் தூரத்துப் பலகையில் நிற்பது இதனால்தான். பார்வையாளர்கள் எவ்வளவு அருகில் வரமுடியும் என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளரிடம் திரையைக் காட்டி ஒப்புதல் வாங்காதீர்கள். அங்குலத்துக்கு 100 பிக்சல் அளவுள்ள திரையில் 300 பிபிஐ படத்தை நூறு சதவீதத்தில் பார்த்தால், அச்சில் வருவதைவிட மூன்று மடங்கு பெரிதாகத் தெரிந்து அநாவசியமாகப் பயமுறுத்தும். பக்கம் முழுவதும் திரையில் அடங்கும்படி சுருக்கிப் பார்த்தாலோ குறைகள் மறைந்துவிடும். அந்தப் பக்கத்தை மட்டும் மெய்யளவில் தாளில் எடுத்துக் கையில் கொடுங்கள். எந்தெந்தப் படங்கள் மங்கலாக வரும் என்பதைப் பக்க எண்ணோடு எழுதிக் கொடுத்து, அதன்மீது கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நிறுவனரின் குழுப்படத்தைப் பெரிதாக்காமல், வந்தபடியே எனக்கு அனுப்புங்கள். அதற்கு முன், அந்தக் குடும்பத்தாரிடம் சட்டம் போட்ட பிரதி எங்காவது இருக்கிறதா என்று ஒருமுறை நேரில் கேட்டுவிடுங்கள். படத்தில் நிற்கும் மற்றவர்களின் வீடுகளிலும் விசாரிக்கச் சொல்லுங்கள். தாளின் பெயரும் ஸ்கிரீன் அளவும் தெரிந்ததும் எழுதினால், மற்றப் படங்களுக்கு எந்த அளவு வரை போகலாம் என்று கணக்கிட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்