பிடியரிசி ஏலத்துக்கா?

ஐயா,

சமைக்க அரிசி களையும்போது ஒரு பிடியை எடுத்துத் தனியே போட்டு வைத்துச் சபைக்குக் கொடுக்கும் ‘பிடியரிசி’ வழக்கம் நம் கிறிஸ்தவ சபைகளில் மங்கி வருகிறது. மிசோரம் பிரஸ்பிடேரியன் சபையார் 1910 முதல் இன்றுவரை அதை விடவில்லை.

ஒரு பிடி ஏறக்குறைய 40 கிராம். இரு வேளை எடுத்தால் மாதம் 2.4 கிலோ. 50 வீடு சேர்ந்தால் 120 கிலோ. நம் தெரு வீடுகளில் நோயில் படுக்கையாய்க் கிடக்கும் 12 பேருக்கு, எந்த மதத்தவரானாலும், ஆளுக்கு 10 கிலோ கொடுக்கலாம். பல இடங்களில் இது ஏலம் போய்க் கட்டட நிதியில் சேர்வது வேதனை. பசித்தவனுக்கென்று எடுத்த அரிசி சுவராகலாமா?

கெடுவது பெரும்பாலும் சேர்க்கும் இடத்தில்தான். பச்சரிசியையும் புழுங்கலையும் ஒரே சாக்கில் கொட்டுகிறார்கள். புழுங்கல் வேகுமுன் பச்சரிசி குழைந்துவிடும், வாங்கியவர் வாயில் வைக்க முடியாது. இரண்டு சாக்கு வையுங்கள். வண்டு அரிசிக்குள்ளேயே முட்டையிடும். ஒரு வீட்டு அரிசி மொத்தச் சாக்கையும் கெடுத்துவிடும். ஈரக் கையால் எடுக்காமல், காய்ந்த டப்பாவில் இரண்டு வற்றல் மிளகாய் போட்டு வைத்து, 15 நாளுக்கொருமுறை சேகரித்து, சலித்துப் பார்த்தே கொட்ட வேண்டும்.

கொடுக்கும்போது மேடையும் வேண்டாம், புகைப்படமும் வேண்டாம். இருட்டியபின் இருவர் போய், அடுப்படியில் வைத்துவிட்டு, மருந்து இருக்கிறதா என்று கேட்டு வந்தால் போதும். ‘உம்முடைய ராஜ்யம் வருவதாக’ என்று ஞாயிறுதோறும் ஜெபிக்கிறோம். இம்மாதச் சபைக் கமிட்டியிலேயே ஏலத்தை நிறுத்தத் தீர்மானம் போடுங்கள்.

– வாசகர், திருநெல்வேலி