உன் ஆடுகளும் இந்த வெயிலும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டார்கள் என்று படித்த பிறகுதான் மனம் ஆறியது. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் வேலை மாறிப் பக்கத்திலேயே வந்துவிட்டாள். பேரன் விடுமுறைக்கு வந்தால் வீட்டை ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் போகிறான். எனக்குப் பணி ஓய்வு கிடைத்தாலும் ஆட்டு வைத்தியத்திலிருந்து ஓய்வு கிடைக்கவில்லை. கிடைக்க வேண்டாம் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உச்சி வெயிலில் செம்மறிகள் ஒன்றின் வயிற்றடியில் இன்னொன்று தலையை நுழைத்துக்கொண்டு கும்பலாக நிற்கின்றன, மூச்சு வாங்குகிறது, அதே நேரத்தில் வெள்ளாடுகள் வேலியோரம் தழை கடித்துக்கொண்டிருக்கின்றன, செம்மறிக்கு மட்டும் ஏதாவது நோயா என்று பயந்து எழுதியிருக்கிறாய். நோய் இல்லை, பயப்படாதே. மரநிழல் இல்லாத இடத்தில் செம்மறிக்குக் கிடைக்கிற நிழல் பக்கத்து ஆட்டின் உடல்தான். அதிலும் தலையைக் காப்பாற்றிக்கொண்டால் போதும் என்றுதான் அது அப்படி நிற்கிறது.

மூச்சு வாங்குவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குளிர்ந்த நிழலில் சும்மா நிற்கும் செம்மறி நிமிடத்துக்கு 20, 30 முறை மூச்சு விடும். வெயில் ஏற ஏற அது 60 ஆகும், 80 ஆகும், 120ஐத் தாண்டும். கடும் வெப்பத்தில் 200க்கு மேல் போவதும் உண்டு. கம்பளிக்கு அடியில் வியர்த்து உடம்பைக் குளிர்விக்கும் வசதி அதற்குக் குறைவு. அதனால் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் ஈரத்தைக் காற்றில் ஆவியாக்கித்தான் சூட்டை வெளியேற்றுகிறது. வெப்பம் 35 டிகிரி செல்சியஸை எட்டும்போது, உடம்பை விட்டுப் போகும் சூட்டில் பாதிக்கு மேல் இந்த வழியாகத்தான் போகிறது. ஆனால் அந்த மூச்சு இலவசம் இல்லை. தண்ணீர் செலவாகிறது. விலாத் தசைகள் ஓயாமல் வேலை செய்கின்றன. ரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியே போய், ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. வாயை மூடிக்கொண்டு வேகமாக, மேலோட்டமாக மூச்சு விடும் வரை ஆடு சமாளிக்கிறது என்று வைத்துக்கொள். வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கப்போட்டு, எச்சில் ஒழுக, ஆழமாக மூச்சை இழுக்கத் தொடங்கினால் நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது.

இதில் என்னை இன்றைக்கும் வியக்கவைக்கும் ஒன்று உண்டு. மூக்கில் அப்படிக் குளிர்ந்த ரத்தம் நேராக நெஞ்சுக்குத் திரும்பிவிடுவதில்லை. மூளைக்கு அடியில் இருக்கும் ஒரு சிறு குழிவில் வந்து சேர்கிறது. நெஞ்சிலிருந்து மூளைக்குப் போகும் சூடான ரத்தக்குழாய் அந்த இடத்தில் மெல்லிய இழைகளாகப் பிரிந்து, வலை மாதிரி அந்தக் குளிர்ந்த ரத்தத்துக்குள்ளே கிடக்கிறது. இரண்டும் கலப்பதில்லை. சூடு மட்டும் கைமாறுகிறது. உடம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது மூளைக்குப் போகும் ரத்தம் சற்றுக் குளிர்ந்து போகிறது. உடம்புச் சூட்டை அளந்து 'இன்னும் மூச்சு வாங்கு' என்று கட்டளையிடும் இடமும் அந்த மூளைதானே? அது குளிர்ந்திருந்தால் கட்டளையும் குறைகிறது. தண்ணீர் கிடைக்காமல் வாடும் ஆடு இந்த ஏற்பாட்டை வைத்து மூச்சிரைப்பையும் வியர்வையையும் குறைத்து, உள்ளே இருக்கும் தண்ணீரை மிச்சப்படுத்திக்கொள்கிறது. நமக்கு இப்படி ஒரு வலை கிடையாது. வெள்ளாடு, செம்மறி இரண்டுக்கும் உண்டு.

கம்பளியை ஒட்ட வெட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். கோடை உச்சத்தில் வேண்டாம். கம்பளி சூட்டை உள்ளே பிடித்து வைக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், நல்ல வெயிலில் அது வெளிச் சூட்டைத் தடுக்கவும் செய்கிறது. ஆஸ்திரேலியாவில் வெட்டவெளியில் நின்ற மெரினோ செம்மறிகளை அளந்து பார்த்தபோது கம்பளியின் நுனி 80 டிகிரிக்கு மேல் போயிருந்தது, அடியில் தோலில் ஏறத்தாழ அதில் பாதிதான். ஒட்ட வெட்டிய ஆடு அதே வெயிலில் இன்னும் அதிகமாக மூச்சு வாங்கும். வெட்டுவதானால் கோடைக்கு முன்பே வெட்டி, வெயில் ஏறுவதற்குள் விரற்கடை அளவாவது வளர விடு. வெப்பமண்டலத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்து வரும் செம்மறி இனங்கள் பலவற்றில் கம்பளியே இல்லை. மேற்கு ஆப்பிரிக்கச் செம்மறி, அதன் வழிவந்த கரீபியத் தீவுகளின் பார்படாஸ் கருவயிற்றுச் செம்மறி எல்லாம் குட்டையான முடி மூடியவைதான். சோமாலியாவின் கருந்தலைச் செம்மறி கொழுப்பை எல்லாம் பின்புறத்தில் திரட்டி வைத்துக்கொள்ளும். உடம்பு முழுக்கத் தோலுக்கடியில் கொழுப்பு பரவியிருந்தால் சூடு வெளியேற வழி இருக்காதே.

வெள்ளாடு வெயிலைத் தாங்குவதற்கு ஒரே ஒரு காரணம் சொல்ல முடியாது. முடி மெல்லியது, வியர்க்கவும் செய்யும், காற்று நேராகத் தோலைத் தொடுகிறது. ஜமுனாபாரி, நூபியன் ஆடுகளின் நீளக் காதுகள் வழியாகவும், உள்ளே ரத்தக்குழாய் ஓடும் கொம்புகள் வழியாகவும் சூடு வெளியேறுகிறது. பின்னங்காலில் எழும்பி நின்று அது பறிக்கும் இளந்தழையில் நிறையத் தண்ணீர் இருக்கிறது. தரையில் காய்ந்து கிடக்கும் புல்லை மேயும் செம்மறிக்கு அது கிடைப்பதில்லை. தண்ணீர் விஷயத்தில் இதற்கு மேலும் ஒரு படி போனவை, வெப்பமண்டலத்துக்குச் சற்று வடக்கே சினாய் பாலைவனத்தில் பெதுயின் மக்கள் வளர்க்கும் சிறிய கறுப்பு வெள்ளாடுகள். இரண்டு முதல் நான்கு நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீரைப் பார்க்கும். அதற்குள் உடல் எடையில் கால் பங்குக்கு மேல் இழந்திருக்கும். தண்ணீர் கிடைத்ததும் சில நிமிடங்களிலேயே இழந்ததை எல்லாம் குடித்து முடித்துவிடும். அவ்வளவு தண்ணீர் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கினால் சிவப்பணுக்கள் வெடித்துவிடும். ஆனால் பெரிய இரைப்பை அதைத் தேக்கி வைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல உள்ளே விடுகிறது. உன் ஆடுகளைச் சோதித்துப் பார்க்காதே, அவை வேறு இனம். நாள் முழுக்கத் தண்ணீர் இருக்கட்டும், அதுவும் நிழலில் இருக்கட்டும்.

இப்போது நான் எழுத நினைத்த முக்கியமான விஷயம். நீ பகலைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். இரவைப் பற்றி ஒரே ஒரு வரிதான்: நாய்க்குப் பயந்து சாயங்காலமே நான்கு பக்கமும் தகரம் அடைத்த கொட்டிலில் விட்டுப் பூட்டிவிடுகிறாய் என்று. என் கவலை முழுக்க அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. ஆட்டின் உடல் வெப்பம் சாதாரணமாக 38.5 முதல் 39.5 டிகிரி வரை இருக்கும். பகல் வெயிலில் அது ஒரு டிகிரி, சில நேரம் அதற்கு மேலும் ஏறும். அதையெல்லாம் உடனுக்குடன் மூச்சிரைத்து வெளியேற்ற முயன்றால் தண்ணீர் கட்டுப்படியாகாது. ஆகவே ஆடு கொஞ்சம் சூட்டை உடம்பிலேயே ஏற விட்டு, பகலில் வாங்கிய கடனை ராத்திரியில் அடைப்பதுபோல, குளிர்ந்த காற்றிலும் திறந்த வானத்தின் கீழும் இறக்கிக்கொள்கிறது. தகரம் பகல் முழுக்கக் காய்ந்து சூடேறி நிற்கிறது. உள்ளே காற்று இல்லை, எல்லா ஆட்டின் மூச்சு ஈரமும் அங்கேயே தங்குகிறது. ஈரக் காற்றில் மூச்சிரைத்தும் பயன் இல்லை, ஆவி போக இடம் வேண்டுமே. இப்படி இரவைக் கழித்த ஆடு காலையில் பாதிச் சூட்டோடுதான் வெயிலுக்குப் போகிறது. கடலோரம், மழைக்காடு மாதிரி ஈரம் கனத்த வெப்பப் பகுதிகளில் மேற்கு ஆப்பிரிக்கக் குள்ள வெள்ளாடு, கறுப்பு வங்காள வெள்ளாடு போன்ற சிறிய இனங்களே நிலைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். சின்ன உடம்பில் எடைக்குத் தோல் பரப்பு அதிகம், சூடு சீக்கிரம் இறங்கும்.

தகரத்தைப் பிரித்துவிட்டு இரண்டு பக்கமாவது கம்பி வலை அடி. நாயும் உள்ளே வராது, காற்றும் வரும். வெட்டவெளியில் பட்டி அடைக்க முடிந்தால் இன்னும் நல்லது. கூரையை உயர்த்து, மேலே ஓலை பரப்பு.

தீவனத்தையும் இதோடு சேர்த்து யோசி. இரைப்பையில் தீவனம் நொதிக்கும்போதே சூடு உண்டாகிறது, காய்ந்த வைக்கோல், தட்டை போன்றவற்றில் அது கூடுதல். ஆடு மத்தியானம் தீனி எடுக்காமல் நிற்பது அடுப்பை உள்ளே எரியவிடாமல் இருக்கத்தான். அதைக் கட்டாயப்படுத்தாதே. விடியலில் ஒரு முறை, வெயில் தாழ்ந்த பிறகு நன்றாக ஒரு முறை என்று மாற்று. எச்சிலோடும் வியர்வையோடும் உப்பு போய்விடுவதால் தாது உப்புக் கட்டி தொங்கட்டும்.

பொலிகிடாவைத் தனியாகக் கவனி. விந்து உருவாகி முதிர ஏழு வாரம்போல ஆகும். விதைகள் உடம்பைவிடச் சில டிகிரி குளிர்ந்திருந்தால்தான் அது சரியாக நடக்கும். செம்மறிக் கிடாவின் விதைப்பையை மட்டும் சூடாக்கிப் பார்த்த ஆய்வு ஒன்றில், மற்ற உடம்பு குளிர்ச்சியாக இருந்தும் கிடா முழு மூச்சாக இரைக்கத் தொடங்கியது. அந்த இடத்துக்கு உடம்பு அவ்வளவு மதிப்புக் கொடுக்கிறது. இப்போது வெயிலில் வதங்கிய கிடா வெயில் தணிந்த பிறகும் பல வாரம் குறைவான சினையைத்தான் தரும். சினை ஆடுகளும் அப்படித்தான். நீண்ட வெப்பத்தில் நஞ்சுக்கொடி சரியாக வளராமல் குட்டி எடை குறைந்து பிறக்கிறது.

அதிகப் பால் தரும் சானன் ஆடு வாங்கலாமா என்று கேட்டாய். எனக்குச் சம்மதம் இல்லை. அதிகப் பால் என்றால் அதிகத் தீனி, அதிகத் தீனி என்றால் உள்ளே அதிகச் சூடு. போதாததற்கு வெள்ளைத் தோல் வெயிலில் புண்ணாகும். உன்னிடம் இருப்பவை குறைவாகத் தின்று குறைவாகத் தருவதால்தான் இந்த வெயிலில் நின்று பிழைக்கின்றன. அதை நீ குறையாக எழுதியிருந்தது எனக்கு வருத்தமாக இருந்தது.

எந்த ஆடாவது தள்ளாடினாலோ, சூடு 41ஐத் தாண்டினாலோ உடனே நிழலுக்குக் கொண்டுபோய், வயிற்றடியிலும் கால்களிலும் தண்ணீர் ஊற்று, விசிறு. முதுகுக் கம்பளியை நனைக்காதே, ஈரம் மேலோடு நின்றுவிடும். அப்புறம் ஆளை அனுப்பி மருத்துவரைக் கூப்பிடு.

கொட்டிலைப் பிரிப்பதற்கு முன் நாலைந்து ஆடுகளுக்கு விடியற்காலையில் வெப்பமானி வைத்துப் பார்த்துக் குறித்து வை. பிரித்த பிறகு அதே ஆடுகளுக்கு அதே நேரத்தில் மறுபடி பார். இரண்டையும் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்